கவுன்ட் இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, மாத்திரையை நிறுத்தலாமா?

வாசகர் கடிதம்:

டாக்டர், நான் தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு வீட்டிலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அப்பாவுக்கு 66 வயது, ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். போன வருடம் சிஎல்எல் (லிம்போசைட்டில் வரும் ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) என்று சொன்னார்கள், அப்போது மருந்து எதுவும் தரவில்லை. அப்புறம் கழுத்திலும் அக்குளிலும் நெறி பெரிதாகி, ரத்தமும் குறைந்துபோனதால் இப்ரூடினிப் தினமும் மூன்று காப்ஸ்யூல் எழுதிக்கொடுத்தார்கள். ஆரம்பிக்கும்போது டபிள்யூபிசி (வெள்ளையணு) 62,000. மூன்று வாரம் கழித்து 1,38,000! ஹீமோகுளோபின் 9.4 இருந்தது 9.8, பிளேட்லெட் 1,05,000 இருந்தது 1,12,000. லேபில் ரிப்போர்ட் கொடுத்த தம்பியே ‘டபுளுக்கு மேல ஆயிடுச்சுக்கா, மருந்து கேக்கல போல’ என்றார். மாமா நிறுத்தச் சொன்னார், மூன்று நாளாக நிறுத்தியிருக்கிறோம். கழுத்து நெறி மட்டும் கொஞ்சம் வற்றின மாதிரி இருக்கு. நடுவில் தொடை இடுக்கில் படர்தாமரைக்கு மருந்துக்கடையில் ஏதோ மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு அடிப்படையிலேயே ஒரு குழப்பம். லிம்போசைட் நம்மைக் காப்பாற்றும் செல் என்று பாடம் நடத்துகிறேன். அதை உயிரோடு வைத்திருக்கும் சிக்னலை வெட்டுவதுதான் இந்த மருந்து என்கிறார் டாக்டர். அப்படியானால் எதிர்ப்பு சக்தியையே கொல்கிறோமா? கபசுரக் குடிநீர் கொடுக்கலாமா? வாய்க்கசப்புக்கு நார்த்தங்காய் கேட்கிறார், தரலாமா? எனக்கும் இது வருமா?

பதில்:

மாத்திரை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம், அறிவியல் அப்புறம். நாளைக் காலை முதல் வேலையாக, மருந்து எழுதிக்கொடுத்த டாக்டரைப் போனிலோ நேரிலோ பிடியுங்கள். மூன்று நாளாக நிறுத்தியிருக்கிறோம் என்பதைக் கூச்சப்படாமல் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும். படர்தாமரைக்குச் சாப்பிட்ட மாத்திரையின் அட்டையைக் குப்பையிலிருந்தாவது தேடியெடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் ‘திரும்ப ஆரம்பியுங்கள்’ என்றுதான் அவர் சொல்வார் என்று நினைக்கிறேன், ஆனால் அந்த அட்டையில் இட்ராகோனசோல் (ஒரு பூஞ்சை மருந்து, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்) என்று இருந்தால் எப்போது ஆரம்பிப்பது, எத்தனை காப்ஸ்யூல் என்பதெல்லாம் மாறும், அதனால்தான் நான் இங்கே உட்கார்ந்துகொண்டு ‘இன்றிரவே போடுங்கள்’ என்று சொல்லாமல் விடுகிறேன். விட்டுப்போன நாட்களையும் சேர்த்து ஆறு, ஒன்பது என்று மொத்தமாகக் கொடுத்துவிடாதீர்கள், அது மட்டும் வேண்டாம்.

லேப் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு எண்ணைப் பார்த்தார், தோன்றியதைச் சொன்னார். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான்: கழுத்து நெறி ‘மட்டும்’ கொஞ்சம் வற்றியிருக்கிறது என்று. அந்த ‘மட்டும்’ஐ எடுத்துவிடுங்கள். நெறி வற்றுகிறது, ஹீமோகுளோபின் லேசாக ஏறுகிறது, பிளேட்லெட் இறங்கவில்லை, ரத்தத்தில் மட்டும் லிம்போசைட் எகிறுகிறது. இப்ரூடினிப் ஆரம்பித்த முதல் மாதத்தில் இந்த நான்கும் சேர்ந்து வந்தால், மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறது என்றுதான் ரத்தநோய் மருத்துவர்கள் நாங்கள் எடுத்துக்கொள்வோம். ஏன் என்று சொல்ல உங்கள் பாடத்துக்குள்ளேயே போகவேண்டும், டியூஷன் டீச்சர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாடப்புத்தகத்தில் லிம்போசைட் என்றால் கிருமியைத் தேடி அழிக்கும் செல் என்று இருக்கும். சரிதான். அது எப்படி உயிரோடு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் சொல்லித்தருவதில்லை. வெளியிலிருந்து ‘இரு, இரு’ என்று சிக்னல் வந்துகொண்டே இருந்தால்தான் லிம்போசைட் இருக்கும், அது நின்றால் தானாகவே தன்னை முடித்துக்கொள்ளும். யாரும் வந்து அதைக் கொல்லவேண்டியதில்லை, சிக்னல் இல்லாமல் விட்டாலே போதும். இந்த மாதிரித் திட்டமிட்ட செல் மரணத்துக்கு அப்போப்டோசிஸ் என்ற பெயர் 1972-இல்தான் வந்தது, கெர், வில்லி, கரி என்ற மூன்று பேர் எழுதிய கட்டுரையில். தைமஸ் சுரப்பியில் உருவாகும் டி செல்களில் (லிம்போசைட்டில் ஒரு வகை) நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் வெளியுலகத்தையே பார்க்காமல் அங்கேயே செத்துப்போகின்றன, அதிலும் பெரும்பாலானவை எந்தத் தப்பும் செய்யாமல், தேவையான சிக்னல் கிடைக்காத ஒரே காரணத்துக்காக.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியமாக இருப்பது குளுக்கோஸ் சமாச்சாரம். லிம்போசைட்டை எடுத்து, சிக்னல் எதுவும் தராமல், குளுக்கோஸும் அமினோ அமிலமும் தாராளமாக இருக்கும் திரவத்தில் போட்டாலும் அது சுருங்கிக்கொண்டே போகும். சுற்றிலும் சாப்பாடு இருக்கும், எடுத்துக்கொள்ளத் தெரியாது. ஏனென்றால் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் புரதம் செல்லின் மேற்பரப்பில் இருக்கவேண்டுமானால் அதற்கும் வெளியிலிருந்து சிக்னல் வரவேண்டும். பசிக்கும் போது தானாகச் சாப்பிடும் உரிமையைக்கூட உடல் இந்தச் செல்லுக்குத் தரவில்லை.

டி செல்லை எடுத்துக்கொண்டால் அதற்கு முக்கியமான சிக்னல் இன்டர்லூகின்-7, சுருக்கமாக ஐஎல்-7. எலும்பு மஜ்ஜையிலும் நெறிகளிலும் இருக்கும் ஆதாரத் திசுச் செல்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரக்கின்றன. டி செல்லின் மேல் இருக்கும் ஏற்பியில் (சிக்னலை வாங்கிக்கொள்ளும் புரதம்) அது வந்து ஒட்டியதும் உள்ளே ஜாக்-1, ஜாக்-3 என்ற இரண்டு நொதிகள் விழித்துக்கொண்டு ஸ்டாட்-5 என்ற புரதத்தைத் தூண்டி உட்கருவுக்கு அனுப்ப, அங்கே பிசிஎல்-2 என்ற புரதத்தைத் தயாரிக்கும் ஜீன் வேலை செய்யும். இந்த பிசிஎல்-2 மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் உட்கார்ந்துகொண்டு, அதில் ஓட்டை போடக் காத்திருக்கும் பாக்ஸ், பாக் என்ற புரதங்களையும், அவற்றைத் தூண்டிவிடும் பிம் என்ற புரதத்தையும் அடக்கி வைத்திருக்கும். சிக்னல் நின்றால் பிசிஎல்-2 குறையும், பிம் கூடும், ஓட்டை விழும், சைட்டோகுரோம் சி வெளியே கசியும், காஸ்பேஸ் நொதிகள் செல்லை உள்ளிருந்தே துண்டு போட்டுவிடும். மேக்ரோபேஜ் வந்து துண்டுகளை விழுங்கிவிடும். வீக்கமில்லை, சீழில்லை, நமக்குத் தெரியவே தெரியாது. (மைட்டோகாண்ட்ரியா என்றதும் பிள்ளைகள் ‘செல்லின் ஆற்றல் நிலையம்’ என்று மனப்பாடமாகச் சொல்வார்கள் இல்லையா, செல்லின் சாவும் அங்கேதான் முடிவாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.)

ஐஎல்-7 அளவோடுதான் சுரக்கும் என்பதில்தான் சூட்சுமம். டி செல்கள் அதிகமானால் இருக்கிற ஐஎல்-7 பங்கு பிரிந்து போதாமல் போகும், கொஞ்சம் சாகும். டி செல்கள் குறைந்தால் மிச்சம் நிறைய இருக்கும், இருப்பவை பிழைத்துப் பெருகும். ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்குச் சுமார் 1,000 முதல் 4,000 லிம்போசைட் என்று நம் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பதற்கு இது ஒரு காரணம். அந்த ஏற்பியில் பழுது இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் டேவிட் வெட்டர் என்ற சிறுவனைச் சொல்வார்கள். 1971-இல் பிறந்து, கிருமி படாமல் பிளாஸ்டிக் கூண்டுக்குள்ளேயே வளர்ந்து, 12 வயதில் 1984-இல் இறந்துபோனான். ஐஎல்-7 உட்படப் பல இன்டர்லூகின் ஏற்பிகளுக்குப் பொதுவான ஒரு பகுதியில் வரும் பழுதுதான் அந்த நோய்க்குக் காரணம் என்பது 1993-இல்தான் தெரிந்தது.

உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது லிம்போசைட்டின் இன்னொரு வகையான பி செல்லின் நோய், அதனால் இனி பி செல்லுக்கு வருவோம். பி செல்லுக்குச் சிக்னல் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று பாஃப் என்ற புரதம். அது குறைந்தால் பி செல் குறையும். கூடிப்போனால், சாகவேண்டிய தப்பான பி செல்களும் பிழைத்து நம் உடம்பையே தாக்கும். எலிகளில் பாஃபை அதிகமாக்கினால் லூபஸ் மாதிரியே நோய் வருகிறது, பாஃபை மடக்கும் பெலிமுமாப் என்ற மருந்து 2011-இல் லூபஸுக்கு அனுமதி பெற்றதும் அந்த அடிப்படையில்தான். இன்னொன்று பி செல்லின் சொந்த ஏற்பி, அதாவது கிருமியைப் பிடிக்க அது வைத்திருக்கும் ஆன்டிபாடி வடிவம். கிருமி எதுவும் ஒட்டாத நேரத்திலும் இந்த ஏற்பி உள்ளுக்குள் மெல்லிய சிக்னல் ஒன்றை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வளர்ந்த எலியின் பி செல்களிலிருந்து அந்த ஏற்பியை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள், 1997-இல், செல்கள் சில நாட்களிலேயே மறைந்துபோயின.

இப்போது சிஎல்எல். இந்தச் செல் மற்ற லுக்கீமியா செல்கள் மாதிரி வெறிபிடித்துப் பெருகுவது குறைவு, நாளொன்றுக்கு நூற்றில் ஒன்றுகூடப் புதிதாகப் பிறக்காத நோயாளிகள் உண்டு. சாகவேண்டிய நேரத்தில் சாகாமல் சேர்ந்துகொண்டே போவதுதான் இதன் பிரச்சினை. உயிரோடு இருக்கச் சொல்லும் சிக்னல்தான் இங்கே நோய். பாதிப் பேருக்கு 13-ஆவது குரோமோசோமில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும் (குரோமோசோமைப் பார்க்கும் ஃபிஷ் பரிசோதனை செய்திருந்தால் அப்பாவின் அந்த ரிப்போர்ட்டில் 13க்யூ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள்), அந்தத் துண்டில் பிசிஎல்-2வை அடக்கி வைக்கும் இரண்டு குட்டி ஆர்என்ஏக்கள் இருந்தன, அவை போனதும் பிசிஎல்-2 ஏறிவிடுகிறது. போதாததற்குப் பல நோயாளிகளில் சிஎல்எல் செல்லின் ஏற்பி, பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு ஏற்பியைப் பிடித்துக்கொண்டு தனக்குத்தானே சிக்னல் கொடுத்துக்கொள்கிறது, 2012-இல் தெரியவந்த விஷயம் இது.

பிசிஎல்-2 கதையை விட்டுவிட மனமில்லை. இது 1980களின் நடுவில் ஒரு லிம்போமாவில் (நெறியில் வரும் புற்றுநோய்) கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் மற்ற புற்று ஜீன்களைப் போலவே செல்லைப் பெருக்கிவிடும் ஜீன் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1988-இல் மெல்பர்னில் டேவிட் வாக்ஸ், சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் மூவரும் அதைச் செல்களுக்குள் நுழைத்துவிட்டு அவை நம்பியிருந்த சிக்னலை நிறுத்திப் பார்த்தார்கள். பெருகவில்லை. ஆனால் சாகவும் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தன. புற்றுநோய் என்றாலே பெருக்கம்தான் என்றிருந்த நினைப்பு மாறியது அங்கேதான், அதே ஊரின் ஆராய்ச்சியும் சேர்ந்து பின்னால் வந்ததுதான் பிசிஎல்-2வையே பிடித்து மடக்கும் வெனிடோகிளாக்ஸ், 2016-இல் அனுமதி கிடைத்தது. உங்கள் டாக்டர் எதிர்காலத்தில் அந்தப் பெயரைச் சொன்னால் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன், இப்போதே மாற்றித்தரச் சொல்லிக் கேட்பதற்காக இல்லை.

இவ்வளவு பிழைக்கும் வழி தெரிந்த சிஎல்எல் செல்லை உடம்பிலிருந்து எடுத்துச் சோதனைக்கூடத்தில் தட்டில் வைத்தால் சில நாட்களிலேயே செத்துவிடுகிறது! காரணம், நெறிக்குள்ளும் மஜ்ஜைக்குள்ளும் அதைச் சுற்றி இருக்கும் செல்கள்தான் அதை ஊட்டி வளர்க்கின்றன. அவற்றோடு சேர்த்து வைத்தால் தட்டிலும் பிழைக்கிறது. ஆக நெறிதான் அதற்கு வீடு, ரத்தம் வெறும் வழி.

இப்ரூடினிப் தடுப்பது பிடிகே என்ற நொதியை. முழுப்பெயர் புரூட்டன் டைரோசின் கைனேஸ். 1952-இல் ஆக்டன் புரூட்டன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், திரும்பத் திரும்ப நிமோனியா வந்த எட்டு வயதுப் பையன் ஒருவனின் ரத்தத்தில் காமா குளோபுலினே (ஆன்டிபாடிகள் அடங்கிய புரதம்) இல்லை என்று கண்டுபிடித்தார், அதற்குக் காரணமான ஜீன் 1993-இல் கிடைத்தபோது அவர் பெயரையே வைத்தார்கள். பி செல்லின் ஏற்பியிலிருந்து உள்ளே போகும் சிக்னல் இந்த பிடிகே வழியாகத்தான் போகவேண்டும். இப்ரூடினிப் அதன் மேல் ஒரு குறிப்பிட்ட இடத்தில், 481-ஆம் சிஸ்டீனில், போய் ஒட்டிக்கொண்டால் பிரியாது. மருந்து சில மணி நேரத்தில் ரத்தத்திலிருந்து போய்விடும், ஒட்டியது ஒட்டியதுதான், செல் புதிதாக பிடிகே தயாரிக்கும்வரை சிக்னல் இல்லை. தினம் ஒரு வேளை போதும் என்பது அதனால்தான், எப்போதாவது ஒரு நாள் விட்டுப்போனால் குடிமுழுகிப் போகாது என்பதும் அதனால்தான். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் விட்டவர்களுக்கு நோய் சீக்கிரம் திரும்பியதைப் பார்த்திருக்கிறார்கள், சிலருக்கு நிறுத்திய சில நாட்களிலேயே நெறி மளமளவென்று வீங்கும், அதனால் மாமாவிடம் அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

சரி, சிக்னலை வெட்டினால் எண்ணிக்கை குறையத்தானே வேண்டும், ஏன் ஏறுகிறது? பிடிகேக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பி செல்லை நெறிக்குள் இழுத்து அங்கேயே ஒட்ட வைக்கும் சிக்னல்களும் அதன் வழியாகத்தான் போகின்றன. அதைத் தடுத்ததும் நெறியிலும் மஜ்ஜையிலும் மண்ணீரலிலும் பதுங்கியிருந்த செல்கள் பிடிமானம் இல்லாமல் ரத்தத்துக்குள் வந்து விழுகின்றன. அப்பாவிடமே கேளுங்கள், ஹார்பரில் ஷிஃப்ட் விட்ட நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று ஆள் எண்ணினால் ரோடு நிரம்பி வழியும், அதை வைத்து ஹார்பரில் புதிதாக ஆள் சேர்த்திருக்கிறார்கள் என்று யாராவது சொல்வார்களா? உள்ளே காலியாவதால்தான் வெளியே கூட்டம். ஆரோக்கியமான உடம்பிலேயே மொத்த லிம்போசைட்டில் ஏறக்குறைய 2 சதவீதம்தான் ரத்தத்தில் ஓடுகிறது. நெறியிலிருந்து கொஞ்சம் வெளியே வந்தாலே ரத்தப் பரிசோதனையில் எண் எங்கேயோ போய்விடும். அப்படி வெளியே வந்த செல்லுக்கு ஊட்டுவதற்கு ஆளில்லை, நெறிக்குத் திரும்பிப் போகவும் முடியாது, ரத்தத்திலேயே சுற்றிச்சுற்றி மெதுவாகச் சாகும். இந்த மருந்து சாப்பிடுபவர்களிடம் கன நீர் (கனமான ஹைட்ரஜன் உள்ள தண்ணீர்) கொடுத்து அளந்த ஆய்வும் இதையே காட்டியது: புதிதாகப் பிறக்கும் சிஎல்எல் செல் வெகுவாகக் குறைந்தது, சாகும் செல் கூடியது.

இது பெரும்பாலானவர்களுக்கு வருவதுதான், முதல் மாதத்தில் ஏறி, பிறகு மெல்ல இறங்கும். சிலருக்கு நாலைந்து மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் இழுக்கும், மெதுவாக இறங்குகிறது என்பதற்காக மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. இந்த வகை மருந்து சாப்பிடும்போது லிம்போசைட் ஏற்றத்தை மட்டும் வைத்து நோய் முற்றியதாகக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று நிபுணர்கள் 2012-இலேயே எழுதிவைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அப்பாவுக்கு மருந்து தராமல் விட்டதும் அதே நியாயம்தான், சிஎல்எல்லில் கவுன்ட் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து யாரும் சிகிச்சை தொடங்குவதில்லை. கவலைப்படவேண்டியது எப்போது என்றால்: கவுன்ட்டோடு நெறியும் வளர்ந்தால், ஹீமோகுளோபினோ பிளேட்லெட்டோ இறங்கினால், காரணமில்லாமல் எடை குறைந்தால், இரவில் சட்டை நனைய வியர்த்தால். கவுன்ட் 4 லட்சத்தைத் தாண்டினால் அது தனியாகவே டாக்டர் உடனே பார்க்கவேண்டிய விஷயம், அப்பா அதற்குப் பக்கத்தில்கூட இல்லை.

எதிர்ப்பு சக்தியையே கொல்கிறோமா என்று கேட்டீர்கள். நேர்மையாகச் சொன்னால், கொஞ்சம் ஆமாம். மருந்துக்கு நல்ல பி செல், கெட்ட பி செல் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஆனால் அப்பாவின் ரத்தத்தில் இருக்கும் அந்த ஒரு லட்சத்துச் சொச்சம் லிம்போசைட்டுகளில் அநேகமாக எல்லாமே ஒரே செல்லின் வாரிசுகள், உருப்படியாக ஒரு கிருமிக்கும் ஆன்டிபாடி தயாரிக்காதவை, இடத்தை அடைத்துக்கொண்டு நல்ல செல்களையும் ரத்தத்தையும் வளரவிடாதவை. அவருடைய எதிர்ப்பு சக்தி மருந்துக்கு முன்னாலேயே நோயால் குறைந்துவிட்டது. அதனால் 100.4 டிகிரிக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் பாராசிட்டமால் போட்டுப் பார்த்துவிட்டு மறுநாள் வருவோம் என்று இருக்காதீர்கள், ஸ்டான்லியோ வேறு எதுவோ பக்கத்தில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே போய்விடுங்கள். ஃப்ளூ, நிமோகாக்கஸ் தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள், உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி மட்டும் கூடாது. அப்புறம் அக்கி. வண்ணாரப்பேட்டைப் பக்கமெல்லாம் இன்னும் அக்கி எழுதும் பழக்கம் இருக்கிறது, நான் கிண்டல் செய்யமாட்டேன், ஆனால் அப்பாவுக்கு ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம் வந்தால் முதல் நாளே வைரஸ் மாத்திரை ஆரம்பிக்கவேண்டும், எழுதிவிட்டு மூன்று நாள் பார்ப்போம் என்பது அவருக்கு ஆகாது.

கபசுரக் குடிநீர், எதிர்ப்பு சக்தி லேகியம் இதெல்லாம். லிம்போசைட் எத்தனை இருக்கவேண்டும் என்பதை உடல் இவ்வளவு கறாராகச் சிக்னல் கொடுத்துக் கட்டுப்படுத்தும்போது, ஒரு டம்ளர் கஷாயம் அதைக் கூட்டிவிடும் என்று நான் நம்பவில்லை. உண்மையாகவே கூட்டும் சிக்னலை மருந்தாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஐஎல்-2 இருக்கிறது. 1992-இல் சிறுநீரகப் புற்றுக்கு அனுமதி பெற்ற மருந்து, அதிக அளவில் கொடுக்கும்போது ரத்தக்குழாய்கள் கசிந்து ரத்த அழுத்தம் தரைக்குப் போய்விடும், ஐசியூ வசதி பக்கத்தில் இல்லாமல் ஏற்றமாட்டார்கள். எதிர்ப்பு சக்தியைக் ‘கூட்டுவது’ அவ்வளவு சுலபமாக, அவ்வளவு நல்லதாக இருந்தால் எங்கள் வேலை எப்போதோ எளிதாகியிருக்கும். இப்ரூடினிப் கல்லீரலில் சிஒய்பி3ஏ4 என்ற நொதியால் உடைபடுகிறது, பல மூலிகைகள் சேர்ந்த கஷாயம் அங்கே குறுக்கிட வாய்ப்பு இருப்பதால் வேண்டாம் என்றே சொல்வேன்.

அதே நொதிதான் நார்த்தங்காய்க்கும் பதில். கிரேப்ஃபுரூட்டும் செவில் ஆரஞ்சும் கூடாது என்று மருந்தோடு வரும் தாளிலேயே எழுதியிருக்கும், அவை அந்த நொதியை முடக்கி மருந்தை ரத்தத்தில் ஏற்றிவிடும். பம்பளிமாஸும் நார்த்தங்காயும் அந்த வகையறாவுக்கு நெருங்கிய சொந்தம் என்பதால் இரண்டையும் தள்ளிவையுங்கள், ஊறுகாய் உட்பட. வாய்க்கசப்புக்கு எலுமிச்சையோ சாத்துக்குடியோ தரலாமா என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நார்த்தங்காயை விட எனக்குப் பயம் படர்தாமரை மாத்திரைதான். கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை மருந்தோடு இப்ரூடினிப்பைக் கொடுத்துப் பார்த்ததில் ரத்தத்தில் இப்ரூடினிப் 20 மடங்குக்கும் மேல் ஏறியது. இட்ராகோனசோலும் அதே ரகம். நம் ஏரியாவில் வியர்வைக்கும் புழுக்கத்துக்கும் படர்தாமரை இல்லாத வீடு குறைவு, மருந்துக்கடையில் கேட்டவுடன் இட்ராகோனசோல் அட்டையையும் ஸ்டீராய்டு கலந்த கிரீமையும் எடுத்து நீட்டுகிறார்கள், இரண்டுமே அப்பாவுக்குக் கூடாது. அவர் எத்தனை நாள் சாப்பிட்டார், கடைசியாக எப்போது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், நிறுத்திய பிறகும் அந்த மருந்து உடம்பில் கொஞ்ச நாள் நிற்கும்.

பிடிகே பிளேட்லெட்டிலும் இருக்கிறது. அதனால் கை காலில் காரணமில்லாமல் கன்றிப்போன மாதிரி திட்டுகள் வரலாம், அதற்குப் பதற வேண்டாம், ஆனால் மலம் கறுத்துப்போனால், தலையில் அடிபட்டால், படபடவென்று இதயம் தாறுமாறாக அடித்தால் காத்திருக்கக்கூடாது. பல் பிடுங்கப் போனால்கூட முன்கூட்டியே சொல்லவேண்டும், சில நாட்கள் மருந்தை நிறுத்திவைப்பார்கள். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை எதையும் கேட்காமல் தராதீர்கள். காசிமேட்டு மீன் தாராளமாகச் சாப்பிடட்டும், நன்றாக வேகவைத்து. வாரம் ஒருமுறை பிபி பாருங்கள், இந்த மருந்தில் மெல்ல ஏறும்.

உங்களுக்கு வருமா என்றால், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதல் வாய்ப்பு உண்டு, ஆனால் நோயே அரிது, நம் நாட்டில் மேல்நாடுகளைவிட இன்னும் குறைவு, அதனால் கூடினாலும் சின்ன எண்தான். பரிசோதனை என்று எதுவும் இப்போது தேவையில்லை. அடுத்த ரிப்போர்ட்டை வாங்கும்போது டபிள்யூபிசி வரியைத் தாண்டி ஹீமோகுளோபின், பிளேட்லெட் இரண்டையும் முதலில் பாருங்கள், கழுத்து நெறியை இன்றைக்கே ஒரு டேப் வைத்து அளந்து தேதி போட்டுக் குறித்துவையுங்கள், டாக்டரிடம் போகும்போது அந்தத் தாளையும் மாத்திரை அட்டையையும் சேர்த்து எடுத்துப்போங்கள்.